ஜாக்கெட் வெட்டுத்துணிகளைக் கையால் ஒட்டுப்போட்டுத் தைக்கும்போது மூலைகள் சேராமல் போவது ஏன்?

வெட்டுத்துணிப் பெட்டி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜாக்கெட் தைத்துவந்த அம்மாள் ஒருவர், கண்பார்வை மங்கிவிட்டதால் சென்ற மாதம் கடையை மூடினார். குப்பையில் போட மனம் வராமல், ஓர் அரிசிப் பை நிறைய வெட்டுத்துணிகளை என்னிடம் கொடுத்தார். வீட்டில் கொட்டிப் பார்த்தபோது பாயே மறைந்துவிட்டது. டூ பை டூ துண்டுகள், சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், பட்டு ஜாக்கெட்டில் மிஞ்சியவை, ஜரிகை ஓரங்கள், லைனிங் துணி என்று எல்லாம் கலந்து கிடந்தன. பெரும்பாலானவை உள்ளங்கையளவுதான், பல, கைக்குழி வெட்டிய இடத்தில் விழுந்த பிறை வடிவத் துண்டுகள்.

என்னிடம் தையல் எந்திரம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. மாலை வேளையில் வானொலி கேட்டபடி கையாலேயே தைத்து, ஒரு சுருக்குப்பை, அடுப்படிக்கு இரண்டு பிடிதுணி, ஊசி குத்திவைக்க ஒரு குட்டி மெத்தை ஆகியவற்றை இந்தத் துணிகளிலிருந்தே செய்துவிட வேண்டும் என்பது ஆசை. முதல் முயற்சியாக ஸ்கேல் வைத்து 6 சென்டிமீட்டர் சதுரங்களாக ஒன்பது வெட்டி, மூன்று மூன்றாக வரிசை தைத்து, பிறகு வரிசைகளை இணைத்தேன். முதல் வரிசையின் மூலையும் இரண்டாம் வரிசையின் மூலையும் அரை விரல் அகலம் விலகி நின்றன. நடுப்பகுதி பொரித்த அப்பளம் போல மேலெழும்பிவிட்டது. இஸ்திரி போட்டும் படியவில்லை. போதாக்குறைக்கு, ஒருமுறை அலசியதும் சுங்குடியின் சிவப்பு பக்கத்து வெள்ளைச் சதுரத்தில் இறங்கிவிட்டது. தைப்பதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டியதில் பிழையா, தைத்ததில் பிழையா, அல்லது இந்தத் துணிகளே இதற்கு உதவாதவையா? அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

ஊசிநூல் – பதில்

அம்மா, நான் திண்டுக்கல்லில் ஆண்களுக்கான உடைகள் தைப்பவன். பிழை உங்கள் கையில் இல்லை. எந்திரத் தையலின் முறையைக் கைத்தையலுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எந்திரத்தில் துணியின் வெட்டிய விளிம்பை, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டுகிறோம். எனவே வெட்டு துல்லியமாக இருந்தால் தையலும் அதைப் பின்பற்றித் துல்லியமாக விழுகிறது. கையில் தைக்கும்போது அப்படி வழிகாட்டும் பாதம் எதுவும் இல்லை. விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறோம் என்பதைக் கண் மட்டுமே தீர்மானிக்கிறது, கண்ணோ ஊசிக்கு ஊசி ஏமாறும். ஒரு தையல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போனால் இரு பக்கத் துண்டுகளிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும். மூன்று சதுரம் கொண்ட வரிசையில் இரண்டு தையல்கள் இருப்பதால், வரிசையின் நீளத்தில் 4 மில்லிமீட்டர் போய்விடும். அடுத்த வரிசையில் அதே அளவு வெளியே தள்ளித் தைத்திருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 8 மில்லிமீட்டர். நீங்கள் சொன்ன அரை விரல் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே கைத்தையலில் வெட்டும் கோட்டை மறந்துவிட்டுத் தைக்கும் கோட்டை வரைய வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சரியாக 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, அட்டையை வைத்து, நன்றாகச் சீவிய பென்சிலால் நான்கு பக்கமும் கோடு இழுங்கள். கறுப்பு, அரக்கு போன்ற அடர்நிறத் துணிகளுக்குக் குளித்துத் தேய்ந்து காய்ந்துபோன சோப்புச் சில்லு போதும்; எங்கள் கடையில் டெய்லர் சாக் தீர்ந்துபோகும் நாள்களில் அதுதான் கைகொடுக்கும், துவைத்தால் சுவடும் இருக்காது. பிறகு கோட்டுக்கு வெளியே ஏறக்குறைய கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரம் ஒரு பக்கம் கூடினாலும் மறுபக்கம் சற்றுக் குறைந்தாலும் கவலையில்லை. கோடு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டு துண்டுகளையும் முகத்தோடு முகம் சேர்த்து, மேல் துண்டின் கோட்டு முனையில் ஒரு குண்டூசியை நிமிர்த்திக் குத்தி, அது கீழ்த் துண்டின் கோட்டு முனையில் வெளிவருகிறதா என்று திருப்பிப் பாருங்கள். மறுமுனையிலும் அப்படியே. இரண்டு முனையும் சேர்ந்தபின் நடுவில் ஒரு குண்டூசி. கோட்டின் முனையில் ஒரு பின்தையல் (ஊசியை ஒரு தையல் பின்னால் கொண்டுபோய்க் குத்தி எடுப்பது) போட்டுத் தொடங்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் ஓட்டத்தையலை நுணுக்கமாக எடுத்து, மறுமுனையில் இன்னொரு பின்தையலோடு நிறுத்துங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுந்தால் சிறு பொருள்களுக்குத் தாராளம். நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்பக்கம் திருப்பி, ஊசி அங்கேயும் கோட்டின்மேல்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்துச் சதுரங்களுக்கு இது சலிப்பாக இருக்கும்; பிறகு விரலுக்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடு முடியும் இடத்தில் தையலும் முடிய வேண்டும்; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தின் மேல் தைக்கக் கூடாது. வரிசையோடு வரிசையை இணைக்கும்போதும் குறுக்கே வரும் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிடாமல், அவற்றின் அடியில் ஊசியை நுழைத்து அந்தப் பக்கம் எடுத்துத் தொடருங்கள். அப்போது ஓரங்கள் நான்கும் கட்டுப்படாமல் நிற்கும். இஸ்திரி போடும்போது நான்கு மூலை கூடும் இடத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்து, ஓரங்களை ஒரே சுற்றில், காற்றாடி இறக்கைகள் போல, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் குவிய வேண்டிய தடிமன் சுற்றிலும் பரவிவிடும். உங்கள் அப்பளம் எழும்பியதற்குப் பாதிக் காரணம் இந்த மூலைக் குவியல்.

மீதிப் பாதி, துணியின் போக்கு. நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையின் திசையில் துணி ஏறக்குறைய இழுபடாது. அகலவாக்கில் ஓடும் ஊடை இழையின் திசையில் சற்று இழுபடும். இரண்டுக்கும் குறுக்கே மூலைவாட்டில், அதாவது கிராஸில், ரப்பர் போல இழுபடும். கைக்குழித் துண்டுகளில் நேரான விளிம்பே இல்லாததால், சதுர அட்டையை இடம் கிடைத்தபடி சாய்த்து வைத்து வெட்டியிருப்பீர்கள். கிராஸ் விளிம்பை நேர் விளிம்போடு சேர்த்துத் தைத்தால், கை இழுக்கும் இழுப்பில் ஒன்று நீளும், மற்றது நீளாது. பிறகு எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. துண்டிலிருந்து ஓர் இழையை உருவிப் பாருங்கள். அது விட்டுச்செல்லும் மெல்லிய கோட்டோடு அட்டையின் ஒரு பக்கத்தைப் பொருத்தி வரையுங்கள். பிறை வடிவத் துண்டில் அப்படி வைத்தால் ஒரே ஒரு சதுரம்தான் கிடைக்கும், சிலவற்றில் அதுவும் கிடைக்காது. போகட்டும்.

ஊசி 9 அல்லது 10ஆம் எண்ணாக வாங்குங்கள். எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுப்பவர்கள், அந்த நேரத்தை முடிச்சு அவிழ்ப்பதில் செலவழிப்பார்கள்.

அறுகோணம் – பதில்

தோழி, மேலே ஐயா எழுதியது முழுக்கச் சரி. ஆனால் எனக்குக் கோட்டின்மேல் ஊசியை ஓட்டும் பொறுமை ஒருநாளும் வாய்த்ததில்லை. என்னைப் போன்றவர்களுக்குத் தாள் வைத்துத் தைக்கும் முறை பொருந்தும். அளவைத் தாளே பிடித்துக்கொள்வதால் மூலை விலகுவது மிக அரிது.

காம்பஸில் 2.5 சென்டிமீட்டர் ஆரம் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அதே ஆரத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஆறு முறை குறித்துச் சென்றால் தொடங்கிய புள்ளிக்கே திரும்பிவிடும். ஆறு புள்ளிகளையும் இணைத்தால் அறுகோணம். பள்ளியில் போட்டதுதான். இதை வைத்து வார இதழ் அட்டைகளில் இருபது முப்பது தாள் அறுகோணங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதில் மட்டும் கஞ்சத்தனமான துல்லியம் வேண்டும். ஒவ்வொரு தாளையும் துணியின் உள்பக்கத்தில் வைத்து, சுற்றிலும் முக்கால் சென்டிமீட்டர் ஓரம் விட்டு வெட்டி, ஓரத்தைத் தாளின் மேல் மடக்கிக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு நிறுத்துங்கள். இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் சேர்த்து, மடிப்பின் விளிம்பில் துணியின் இரண்டு மூன்று இழைகளை மட்டும் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி தாளில் குத்தினால் சரசரவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஓர் அறுகோணத்தின் ஆறு பக்கமும் தைத்து முடிந்தபின் அதன் கச்சாத் தையலைப் பிரித்துத் தாளை எடுத்து, மீண்டும் பயன்படுத்தலாம்.

நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. மொத்தம் ஏழு துண்டில் ஒரு பூ வந்துவிடும். அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு, அதற்கடுத்த சுற்றுக்குப் பதினெட்டு. நான் சொன்ன அளவில் ஏழு துண்டுப் பூ ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் அகலம் வரும். காப்பி டபராவுக்கு அடியில் வைக்கப் பொருத்தமான அளவு. இரண்டு பூக்களை விளிம்போடு விளிம்பு தைத்து உள்ளே பஞ்சு திணித்தால் உங்கள் ஊசி மெத்தை ஆயிற்று. இலவம்பஞ்சு மட்டும் வேண்டாம். ஊசி குத்திக் குத்தி எடுக்கையில் தையல் இடுக்கு வழியே பறந்து வீடெங்கும் நிற்கும். மிஞ்சிய நூல், பொடித்துணி இவற்றையே இறுக்கமாக அடைக்கலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. வளைந்த பிறைத் துண்டில் 5 சென்டிமீட்டர் சதுரம் அடங்காத இடத்தில்கூட 1.5 சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறிய அறுகோணம் அடங்கிவிடும். துணி கிராஸாக இருந்தாலும் தாள் உள்ளே இருக்கும்வரை இழுபடாது. வழுக்கும் பட்டுத் துணியையும் இப்படித்தான் வசப்படுத்த முடியும். இங்கிலாந்தில் 1718ஆம் ஆண்டைப் பொறித்த பட்டு ஒட்டுத்தையல் விரிப்பு ஒன்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தாள் வைத்துத் தைத்ததுதான். அந்தத் தாள்கள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எடுக்க மறந்தார்களா, எடுக்கச் சோம்பல்பட்டார்களா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வெட்டுத்துணிப் பெட்டி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு பழைய ஒன்பது சதுரத்தையும் பிரித்து, உள்பக்கம் கோடு வரைந்து இரண்டு வரிசை தைத்துப் பார்த்தேன். குண்டூசியை நிமிர்த்திக் குத்திப் பார்த்ததில், முன்பு நான் நேர் என்று நம்பியவற்றில் பாதி நேரே இல்லை என்று தெரிந்தது. இம்முறை ஒரு மூலையைத் தவிர மற்றவை சேர்ந்துவிட்டன.

மேலும் மூன்று ஐயங்கள். பட்டுத் துண்டுகளையும் பருத்தியையும் ஒரே பொருளில் கலக்கலாமா? பிடிதுணிக்கு எந்தத் துணி ஏற்றது? சாயம் இறங்கியதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, உப்பு ஏன் பலிக்கவில்லை?

சாயத்தொட்டி – பதில்

உப்பைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சின்னாளப்பட்டியில் சாயத்தொழில் செய்த குடும்பம் எங்களுடையது.

சாயம் முக்கும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைப் பருத்தி இழையை நோக்கித் தள்ளுவது அதுதான். ஆனால் சாயத்தை இழையில் பிடித்து நிறுத்துவது உப்பின் வேலை அன்று. முக்கிக் காய்ந்து கடைக்கு வந்து ஜாக்கெட்டாகவும் ஆகிவிட்ட துணியை உப்பில் ஊறவைப்பதால், இழையில் பிடிக்காமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் பிடித்துக்கொள்ளப்போவதில்லை. ஊறும் நேரத்துக்கு மட்டும் அது இறங்காமல் இருப்பதால் பலித்துவிட்டது போலத் தோன்றும். அடுத்த அலசலில் குட்டு வெளிப்படும். உங்களுக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. வினிகர், படிகாரம் என்று எதைச் சொன்னாலும் வீட்டளவில் முடிவு இதுவே என்பது என் அனுபவம். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஆகவே சாயத்தை நிறுத்தப் பார்க்காமல், போக வேண்டியதைத் தைப்பதற்கு முன்பே போகவிடுவதுதான் வழி. அடர்நிறத் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, பழைய கொசுவலைத் துண்டில் தனித்தனி மூட்டையாகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சிறு துண்டுகள் பிசிறி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நிறையச் சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அலசித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தபின் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஈரத் துண்டை வெள்ளை வேட்டித் துணியின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறாவிட்டால் எதோடும் சேர்த்துத் தைக்கலாம். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஏறினால் அந்தத் துண்டை அடர்நிறங்களோடு மட்டும் சேருங்கள். சுங்குடியைக் கைவிடச் சொல்லவில்லை. சிவப்புச் சுங்குடிக்குப் பக்கத்தில் அரக்கும் கறுப்பும் வந்தால் கறை தெரியாது, அழகும் கெடாது.

பட்டுக்குச் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் ஆகாது. அதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். வெள்ளைச் சதுரத்தில் இறங்கிய கறையை உடனே, வெயிலில் காயவைக்கும் முன்பே, சுடுதண்ணீரில் ஊறவைத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். இஸ்திரி போட்டுவிட்டதாகச் சொல்வதால் எனக்கு நம்பிக்கை குறைவு.

சாயம் போவது எல்லா இடத்திலும் குற்றமாகக் கருதப்பட்டதும் இல்லை. 1960களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் கட்டத் துணியை, துவைக்கத் துவைக்கச் சாயம் கலங்கும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். உங்கள் வெள்ளைச் சதுரத்துக்கு அந்த ஆறுதல் போதுமா என்பது வேறு விஷயம்.

ஊசிநூல்

மீதி இரண்டு ஐயங்களுக்கு நான் எழுதுகிறேன்.

பிடிதுணியில் பாலியெஸ்டர் ஓர் இழைகூட இருக்கக் கூடாது. டூ பை டூ என்று வாங்குவதில் தூய பருத்தியும் உண்டு, பாலியெஸ்டர் கலந்ததும் உண்டு. தொட்டுப் பார்த்துச் சொல்ல எனக்கே சில நேரம் முடியாது. துண்டிலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் தீக்குச்சியால் கொளுத்துங்கள். தாள் எரிந்த வாடையோடு பொடியாகும் சாம்பல் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் நகத்தில் நசுங்காத உருண்டை நின்றால் பாலியெஸ்டர். தலைமுடி பொசுங்கும் வாடை வந்தால் பட்டு. என் வீட்டில் ஒருமுறை அழகுக்கு மயங்கிக் கலப்புத் துணியில் பிடிதுணி தைத்துக் கொடுத்தேன். இரும்புத் தோசைக்கல்லில் அது ஒட்டிக்கொண்டு, அன்றைக்குத் தோசையும் இல்லை, எனக்கு நல்ல பெயரும் இல்லை. ஜரிகை ஓரமும் பிடிதுணிக்கு வேண்டாம். இப்போதைய மலிவான பிளாஸ்டிக் ஜரி உருகும், உலோக ஜரிகையோ சூட்டை நேரே கைக்குக் கடத்தும். பருத்தி முகப்பு, நடுவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, அடியில் காடா துணி என்று அடுக்கி, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் எல்லாம் சேரும்படி நாலு தையல் போட்டால் போதும். ஈரத்தோடு சூடான பாத்திரத்தைப் பிடித்தால் எந்தத் துணியும் சுடும் என்பதை வீட்டில் சிறியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பட்டையும் பருத்தியையும் கலக்கலாம்; ஆனால் அடிக்கடி துவைக்கும் பொருளில் கலக்காதீர்கள். பட்டுத் துண்டுகளுக்குப் பின்னால் அதே அளவு மல் துணியை வைத்து, கச்சாத் தையலால் சேர்த்துக்கொண்டு, இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தையுங்கள். பிசிறுவதும் வழுக்குவதும் அடங்கிவிடும்.

சுருக்குப்பைக்கு அளவு சொல்கிறேன். பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம். இரண்டு பக்கத்துக்கும் பதினெட்டு. வாய்ப்பகுதியில் மட்டும் ஒட்டு வேண்டாம். நாடா ஓடும் தடத்துக்குள் தையல் ஓரங்கள் இருந்தால், நாடா கோக்கும் ஊக்கு ஒவ்வொரு ஓரத்திலும் முட்டி நிற்கும். எனவே மேலே 15 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் வரும்படி ஒரே துணிப் பட்டையைச் சேருங்கள். தையல் ஓரம் தனி. பை 15க்கு 20 ஆகும். இரண்டு பக்கங்களையும் முகத்தோடு முகம் சேர்த்து மூன்று புறமும் தைக்கும்போது, இரண்டு பக்கத் தையலிலும் வாயின் தையல் கோட்டிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்குக் கீழே தொடங்கி ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் தைக்காமல் விடுங்கள். லைனிங்கிலும் இதே அளவில் ஒரு பை தைத்து, அதன் அடியில் நாலு விரல் திறப்பு விடுங்கள். வெளிப்பையைப் புரட்டி லைனிங் பைக்குள் முகத்தோடு முகம் சேர நுழைத்து, வாயைச் சுற்றித் தைத்து, லைனிங்கின் திறப்பு வழியே வெளியே இழுத்துவிட்டால் இரண்டும் சரியாகத் திரும்பிக்கொள்ளும். திறப்பை மூடியபின், வாயிலிருந்து 2.5 சென்டிமீட்டரிலும் 4 சென்டிமீட்டரிலும் இரண்டு சுற்று ஓட்டத்தையல் போட்டால் நாடாவுக்குத் தடம் தயார். 45 சென்டிமீட்டர் நாடா இரண்டு எடுத்து, ஒன்றை இடப்பக்கத் திறப்பில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி அதே திறப்பில் வெளியே எடுத்து முடியுங்கள். மற்றொன்றை வலப்பக்கத்திலிருந்து அவ்வாறே. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் அது சுருக்குப்பை.

தொம்பை – பதில்

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். பிறை வடிவத் துணியிலிருந்து சதுரம் வெட்டச் சொல்வது, மிச்சத்திலிருந்து இன்னொரு மிச்சத்தை உண்டாக்குவதாகும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கவிடும் தொம்பைகளை, அதாவது உருளை வடிவத் துணித் தொங்கல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிறத்துணிகளைத் தேவையான வடிவத்தில் வெட்டி, அடித்துணியின் மேல் பதித்துத் தைக்கிறார்கள்; துண்டும் துண்டும் மூலை சேர வேண்டிய கட்டாயமே இல்லை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வை இன்னும் எளிது. பழைய சேலையை அடியில் விரித்து, கைக்கு வந்த துண்டின் ஓரத்தை மடக்கி ஒரு மூலையில் வைத்து, ஓட்டத்தையலால் தைத்துக்கொண்டே விளிம்பைச் சுற்றி வருவார்கள். துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே சுற்றுச் சுற்றாக உள்நோக்கி நகர்ந்து நடுவில் முடிப்பார்கள். ஒட்டுப்போடுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். முடிந்தபின் நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூப்போல வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவுபெற்றதாகக் கொள்வார்கள்.

உங்கள் பிறைத் துண்டுகளை அப்படியே வளைவோடு வைத்து, கைக்குட்டை அளவில் ஒரு கவந்தி தைத்துப் பாருங்கள். அளவுகோலும் அட்டையும் வேண்டாம்.

ஊசிநூல்

தொம்பை ஐயா சொல்வதை மறுக்கவில்லை. விரிப்புக்கும் பிடிதுணிக்கும் அது அருமையான முறை. ஆனால் சுருக்குப்பையில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தாக வேண்டும். அங்கே அட்டை இல்லாமல் தைத்தால் நாடாத் தடம் கோணும், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து முறையைத் தேர்ந்துகொள்ளட்டும்.

வெட்டுத்துணிப் பெட்டி

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பிடிதுணி இரண்டையும் தொம்பை ஐயா சொன்ன கவந்தி முறையில் பிறைத் துண்டுகளாலேயே தைத்தேன். கொளுத்திப் பார்த்ததில், பருத்தி என்று நான் ஒதுக்கிவைத்திருந்த குவியலில் மூன்றில் ஒரு பங்கு உருண்டையாகிவிட்டது. வளைந்த ஓரத்தை மடக்குவது முதலில் படியவில்லை. ஓரத்தில் சிறு சிறு வெட்டுப் போட்டபின் படிந்தது. அறுகோணப் பூ ஒன்று முடிந்து, இரண்டாவது பாதியில் நிற்கிறது. வார இதழ் அட்டையின் வழவழப்பில் துணி நகர்வதால் இப்போது குறிப்பேட்டு அட்டைக்கு மாறிவிட்டேன்.

சுருக்குப்பை முடிந்தது. பதினெட்டுச் சதுரங்களும் கோடு போட்டுத் தைத்தவை. சுங்குடிக்குப் பக்கத்தில் அரக்கு வைத்தேன். வாய்ப்பட்டைக்குச் செட்டிநாட்டுக் கட்டம். நான்கு சதுரங்கள் கூடும் எட்டு நாற்சந்திகளில் ஏழு கச்சிதமாகச் சேர்ந்திருக்கின்றன. துணி கொடுத்த அம்மாளிடமே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு நிறம் சரியாகத் தெரிவதில்லை. மடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே வந்தவர், பின்பக்கத்தில் இரண்டாம் வரிசையில் நிறுத்தி, "இங்கே இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறாய்" என்றார். சேராத அந்த எட்டாவது இடம் அதுதான். பிறகு வெற்றிலையையும் சில்லறையையும் போட்டு, சுருக்கி, இடுப்பில் செருகிப் பார்த்துவிட்டு, நாடா ஒரு சாண் குட்டையாக இருக்கிறது என்றார். அதனால் 45 என்பதை இடுப்பில் செருகுபவர்களுக்கு 65 சென்டிமீட்டர் என்று திருத்திக்கொள்ளலாம். நாளை மாற்றிக் கொடுக்கிறேன்.